சாவி யாரிடம் இருக்கிறது?

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைகளில் இருப்புப் பாதைகள் பிரிகின்றன. சென்னைக்கு ஒன்று, கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. பாதைகள் ஐந்தாயினும், பிழைப்புத் தேடிப் புறப்படும் வாலிபனுக்கு அவற்றுள் வடக்கே செல்லும் பாதை ஒன்றே கண்ணில் படுகிறது. விடியற்காலையில் தாம்பரம் செல்லும் பாஸஞ்சர் வண்டியில் ஏறிப் பார்ப்பவர்கள் இதனை நேரில் காணலாம். விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும், தோளில் பையும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையுமாக, இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக ஏறுகின்றனர். செங்கற்பட்டைத் தாண்டியதும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் மறைமலை நகரிலும் இறங்கி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நோக்கிக் கலைந்து போகின்றனர்.

கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன், 2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி, விழுப்புரம் ஜில்லாவின் ஜனத்தொகை 34 லக்ஷத்து 58 ஆயிரம். அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கிராமவாசிகள். மணிலாக்கொட்டையும் கரும்பும் நெல்லும் விளையும் பூமி இது. அந்தப் பூமியின் பிள்ளைகள் இன்று எந்தத் தொழிலுக்குப் போகிறார்கள், அத்தொழிலில் அவர்களுக்கு என்ன ஸ்தானம் அளிக்கப்படுகிறது என்பதைத் தேசத்தின் நலனில் சிரத்தையுள்ளவர்கள் சற்று நின்று விசாரிக்க வேண்டும்.

சமீபத்தில் அந்த வண்டியில் பிரயாணம் செய்தபொழுது, மயிலத்தில் ஏறிய ஒரு வாலிபர் நம் எதிரில் அமர்ந்தார். தகப்பனார் மூன்று ஏக்கர் புன்செய் வைத்திருக்கும் விவசாயி. பிள்ளை பத்தாவது தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம் டர்னர் வேலை பயின்றவர்.

"தம்பி, என்ன உத்தியோகம்?" என்று கேட்டோம்.

"ஸி.என்.ஸி. ஆபரேட்டர், ஸார். கம்ப்யூட்டர் லேத்து ஓட்டுகிறேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஓட்டுகிறேன் என்று சொல்லக்கூடாது. அது தானாகவே ஓடுகிறது. நான் கதவைத் திறந்து மூடுகிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அந்த யந்திரம் இன்னதென்று அறியாத நேயர்களுக்காக அதைச் சிறிது விவரிப்பது அவசியம். கடைசல் யந்திரம் நம்மவர்க்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1928-ல் பொன்மலைக்கு மாற்றப்பட்ட காலத்திலேயே, தமிழ்நாட்டுக் கைகள் அதைத் திறம்படப் பிடித்திருந்தன. பழைய லேத்தில் இரும்புத் துண்டு சுழலும். தொழிலாளி கைப்பிடியைச் சுற்றி உளியை முன்னும் பின்னும் நகர்த்துவான். எந்த உளி, என்ன வேகம், எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் தீர்மானிப்பவன் அவனே. வரைபடம் அவன் கையிலிருக்கும். மற்றதெல்லாம் அவன் மூளையிலிருக்கும்.

புதிய யந்திரத்தில் கைப்பிடியின் இடத்தை மோட்டார்கள் எடுத்துக்கொண்டன. அவை எங்கே, எப்பொழுது, எவ்வளவு நகரவேண்டும் என்பது எழுத்தும் எண்ணுமாக ஒரு நிரலில் எழுதப்பட்டிருக்கும். ஜி 00 என்றால் உளி காற்றில் அதிவேகமாக நகரும். ஜி 01 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டும். ஜி 02, ஜி 03 என்றால் வளைவாக வெட்டும். எம் 08 என்றால் கூலன்ட் பாயும். எம் 30 என்றால் வேலை முடிந்தது. ஆபரேட்டர் கதவைத் திறந்து, முடிந்த ஜாப்பை எடுத்து, புதியதைச் சக்கில் மாட்டி, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ யந்திரம் வேலை செய்கிறது. பிறகு மறுபடியும் கதவு. எட்டு மணி நேரம் நின்றபடியே இதுதான் வேலை. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இதனைப் பன்னிரண்டு மணி நேரமாக்கவும் வழி செய்யும் மசோதா ஒன்று தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பின் பேரில் மே தினத்தன்று கைவிடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவுதானா, இதற்கு இரண்டு வருஷப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். அந்த வாலிபர் அதற்குச் சொன்ன விடையை நாம் எளிதில் மறக்க முடியாது.

அவர் செய்யும் ஜாப்பில் 30 மில்லிமீட்டர் துவாரம் ஒன்று உண்டு. அது 30-க்குக் குறையக்கூடாது. 21 மைக்ரானுக்கு மேல் கூடவும் கூடாது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக, ஒரு மயிரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அந்தத் துவாரம் அடங்கவேண்டும். எழுதி வைத்த நிரல் எப்பொழுதும் ஒன்றுதான். ஆனால் உலகம் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. காலை ஷிப்டில் யந்திரம் குளிர்ந்திருக்கும், இரண்டு மணி நேரம் ஓடியபின் சூடேறி இரும்பு நீளும், அளவு மாறும். உளியின் முனையில் வைத்த இன்ஸர்ட் தேயத் தேயத் துவாரம் சிறுக்கும். ஒரு லோடு இரும்பு மிருதுவாகவும் அடுத்த லோடு கடினமாகவும் வரும். இவற்றையெல்லாம் நிரல் அறியாது. அறிகிறவன் பக்கத்தில் நிற்கும் மனிதன்.

"சத்தத்திலேயே தெரிந்துவிடும், ஸார். இரும்புச் சீவல் சுருளுகிற தினுசு மாறும். அதன் நிறம் மாறும். இன்னும் ஐந்து ஜாப்பில் கேஜ் உள்ளே போகாது என்று எனக்கு முன்பே தெரியும். ஆப்செட்டில் இரண்டு இலக்கம் மாற்றினால் போதும்."

"மாற்றுவதுதானே?"

"சாவி என்னிடம் இல்லை."

யந்திரத்தின் முகப்பில் சாவித்துவாரம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாவியைத் திருப்பினால்தான் நிரலையோ ஆப்செட் அளவுகளையோ திருத்த முடியும். சாவி செட்டரின் ஜேபியில் இருக்கும். அவர் எட்டு யந்திரங்களைக் கவனிப்பவர். அவர் வந்து சேர்வதற்குள் பத்து ஜாப்புகள் பழுதாகிச் சிவப்புத் தொட்டியில் விழுந்துவிடுகின்றன. பழுதின் கணக்கோ ஆபரேட்டரின் பெயரில் எழுதப்படுகிறது. அறிந்தவனிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாதவன் தலையில் பொறுப்பு. பழைய ஜமீன் கச்சேரிகளைப் பற்றி நம் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் யுகத்தில் அதே நியாயம் நடைபெறுவதைக் கண்டு நாம் வியப்படைந்தோம்.

முதலாளிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. யந்திரத்தின் விலை பல லக்ஷம். ஓர் இலக்கம் தவறினால் உளி தாங்கிய டரட் அதிவேகமாகச் சென்று சுழலும் சக்கில் மோதிவிடும். சில கன்ட்ரோல்களில் 30 என்று எழுதிப் புள்ளி வைக்க மறந்தால், அது 30 மில்லிமீட்டர் என்று கொள்ளாமல் 30 மைக்ரான் என்று கொள்ளும். ஒரு புள்ளி செய்யும் நாசம் அவ்வளவு. நேற்று வந்த பையனிடம் சாவியைக் கொடுக்க எந்த முதலாளியும் தயங்குவான். ஆனால் நாம் கேட்பது நேற்று வந்தவனைப் பற்றி அன்று. ஒரு வருஷம் நின்றவனுக்கும், இரண்டு வருஷம் நின்றவனுக்கும் சாவி கிடைக்காமலிருப்பதற்குக் காரணம் என்ன? யந்திரத்தின் சுபாவமா, மனிதர்களின் ஏற்பாடா?

இதற்கு விடை காண அந்த யந்திரம் பிறந்த தேசத்தின் சரித்திரத்தையே பார்க்கவேண்டும். அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்து ஜான் பார்ஸன்ஸ் என்பவர், ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைச் சரியாக வெட்டும் முயற்சியில், எண்களைக் கொண்டு யந்திரத்தை நடத்தும் யோசனையை வெளியிட்டார். ஆகாயப் படையின் பணத்தைக் கொண்டு, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ம் வருஷத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து வேலை செய்யும் யந்திரத்தை இயக்கிக் காட்டினர். இது யாவரும் சொல்லும் கதை. அதிகம் பேர் சொல்லாத கதை மற்றொன்று உண்டு. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னரே, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்தனர். தேர்ந்த தொழிலாளி ஒருவன் முதல் ஜாப்பைத் தன் கையால் செய்வான். அவன் கை அசைவுகளை நாடா பதிவு செய்துகொள்ளும். பிறகு யந்திரம் அதையே திரும்பத் திரும்பச் செய்யும். அம்முறையில் நிரலை எழுதுபவன் தொழிலாளியே. அது வழக்கொழிந்தது, எண் முறை நிலைத்தது. ஏன்? டேவிட் நோபிள் என்ற அமெரிக்கச் சரித்திராசிரியர் 1984-ல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, தொழில் அறிவைப் பட்டறையிலிருந்து எடுத்து நிர்வாகத்தின் மேஜைக்குக் கொண்டுபோகும் விருப்பம் அதில் பெரும் பங்கு கொண்டது என்று வாதித்தார். அவர் முடிவை முழுதும் ஏற்காதவர்களும் உண்டு. சிக்கலான வளைவுகளைக் கையால் வெட்டிப் பதிவு செய்வது அசாத்தியம் என்பது அவர்கள் வாதம். அதுவும் ஒரு பங்கு உண்மையே. ஆயினும் சாவி யார் ஜேபியில் இருக்கவேண்டும் என்பதை இரும்பும் மின்சாரமும் தீர்மானிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

இத்தனை தூரம் போவானேன்? கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பகுதிகளின் சிறு பட்டறைகளுக்குள் நுழைந்து பாருங்கள். இரண்டு யந்திரம் வைத்திருப்பவர் தாமே நிரல் எழுதுகிறார், தாமே உளியை அமைக்கிறார், தாமே ஓட்டுகிறார். அவரிடம் வேலை செய்யும் பையனும் ஒரு வருஷத்தில் இவ்வளவையும் கற்றுக்கொண்டு, பின்னர் கடன் வாங்கித் தானே ஒரு யந்திரம் போடுகிறான். அதே யந்திரம், அதே ஜப்பானியக் கன்ட்ரோல், அதே தமிழ்ப் பிள்ளை. அங்கே தொழிலாளி உருவாகிறான். பெரிய தொழிற்சாலையின் நீண்ட வரிசையிலோ கதவு திறப்பவன் உருவாகிறான்.

நம் மயிலத்து வாலிபருக்கு இப்பொழுது நடப்பது நான்காவது கம்பெனி. முதலாவதில் பயிற்சியாளராக ஒரு வருஷம். இரண்டாவதில் காண்டிராக்டரின் கீழ் பதினோரு மாதம். மூன்றாவதிலும் அப்படியே. ஒவ்வோரிடத்திலும் யந்திரம் பழகிய சமயத்தில் சீட்டுக் கிழிகிறது. அடுத்த இடத்தில் மறுபடியும் கதவிலிருந்து ஆரம்பம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. இருபத்துநான்கு மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ம் வருஷம் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவிலேயே சிலாக்கியமான சட்டம் என்று அக்காலத்தில் போற்றப்படத் தக்கதே. ஆனால் 480-ஐ எண்ணத் தெரிந்தவர்கள் தொழிலாளர்கள் மட்டும் அல்லவே! பதினோரு மாதத்தில் அனுப்பிவிட்டால் எண்ணிக்கை முடிவதில்லை. அப்ரெண்டிஸ்களின் நிலையோ இன்னும் வேறு. 1961-ம் வருஷத்து மத்திய சட்டத்தின் 18-வது பிரிவு, பயிற்சி பெறுபவர் தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தா என்று கூறுகிறது. தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்றவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. பயிற்சி என்றால் பயிற்சி அளிக்கவேண்டும். நிரலைத் தொடவிடாமல், ஆப்செட்டைத் திருத்தவிடாமல், கதவை மட்டும் திறக்கச் சொல்லி ஒரு வருஷம் நிறுத்தி வைப்பதற்குப் பயிற்சி என்று பெயரிட்டால், பாஷைக்கே அபசாரம் செய்ததாகும்.

நிரந்தரம் என்பது வெறும் சம்பள விஷயம் அன்று. 2021 செப்டம்பரில் போர்டு மோட்டார் கம்பெனியார் மறைமலை நகர்த் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபொழுது, நிரந்தரத் தொழிலாளர்கள் சங்கத்தின் மூலமாகப் பல மாதங்கள் போராடி நஷ்டஈட்டைப் பேசி உயர்த்திக்கொண்டார்கள். காண்டிராக்டரின் கணக்குப் புஸ்தகத்தில் மாத்திரம் பெயர் உள்ளவன் யாரிடம் போய் நிற்பது? எந்தச் சங்கத்திலும் சேர்வதற்கு முன் அவன் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். தொழிற்சங்க ஊழியர்கள் இந்த ரயில் வண்டிப் பிள்ளைகளை இன்னும் போதுமான அளவு தேடிச் சென்றதாக நமக்குத் தெரியவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் சேர்ந்து 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் மேற்கொண்டது. அந்நிலையங்களில் புதிய யந்திரங்கள் வந்திருக்கின்றன. மாணவர்கள் நிரல் எழுதக் கற்கிறார்கள். விசித்திரம் யாதெனில், பள்ளியில் சாவி கையில் இருக்கிறது. தொழிற்சாலையில் அது பறிபோகிறது. கற்ற வித்தை ஒரு வருஷம் உபயோகிக்கப்படாமல் கிடந்தால் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதை, பள்ளியில் இங்கிலீஷ் கற்று ஊரில் உட்கார்ந்துவிட்ட எவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நம் ஜில்லாவிலேயே தொழில் வளராதா என்ற கேள்விக்கும் இப்பொழுது கொஞ்சம் இடம் ஏற்பட்டிருக்கிறது. வானூர் தாலூகா திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் என்றால் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றே நம்மவர் எண்ணுகின்றனர். எண்ணெய் படிந்த லேத்தின் மேலும் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பது அவர்கள் ஞாபகத்திற்கு வருவதில்லை. திண்டிவனம் ஸிப்காட்டில் தொழிற்சாலை அமைக்க டாபர் கம்பெனியார் 2024 ஆகஸ்டில் 400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தனர். உணவுப் பண்டங்களுக்கான பூங்காவும் அங்கே ஏற்படுகிறது. தைலம் நிரப்பும் யந்திரமாயினும், மாவு அரைக்கும் யந்திரமாயினும், அதன் உருளையும் புஷ்ஷும் அச்சும் தேயத்தான் செய்யும். தேய்ந்ததை எங்கே செய்வது? சென்னைக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருப்பதா? திண்டிவனத்திலேயே நாலைந்து ஸி.என்.ஸி. யந்திரங்களோடு ஒரு பொதுப் பட்டறையை ஸிப்காட்டார் அமைத்து, ஐந்தாறு வருஷ அனுபவமுள்ள நம் பிள்ளைகளிடம் வாடகைக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரகடத்தில் கதவு திறந்தவன் இங்கே வந்து சாவியைக் கையில் பிடிப்பான். தேசத்திற்கு வேண்டிய யந்திரங்களைத் தேசத்திலேயே செய்வதற்காக 1953-ல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஸ்தாபனம் ஏற்பட்டதன் நோக்கமும், அறிவு நம் கையில் இருக்கவேண்டும் என்பதே. இன்றும் கன்ட்ரோல் என்னும் மூளைப் பாகம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறது. அதைச் செய்யும் காலம் வரும்போது வரட்டும். வந்ததைத் திறக்கும் சாவியாவது நம் பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

மற்றொரு குறையையும் அந்த வாலிபர் சொன்னார். யந்திரம் நின்றால் திரையில் இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை தோன்றும். எண் புரிகிறது, வாசகம் புரிவதில்லை. கிண்டியிலுள்ள மத்திய சர்க்காரின் போதனா சாதன நிலையத்தார் தொழிற்பயிற்சிப் புஸ்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறார்கள் என்பது உண்மை. அவை தேர்வோடு நின்றுவிடுகின்றன. யந்திரத்தின் பக்கத்தில் தமிழில் ஒரு காகிதமும் தொங்குவதில்லை. ஸயன்ஸ் பதங்களைத் தமிழில் ஆக்குவதற்காகச் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் ஒரு சங்கம் கண்டது 1916-ல். நூறு வருஷத்திற்கு மேல் ஆயிற்று.

இந்தக் குறைக்கு அவர் தாமே ஒரு பரிகாரம் செய்து வைத்திருந்தார். பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் எச்சரிக்கை எண். எதிர்ப்பக்கத்தில் அதன் அர்த்தமும், என்ன செய்யவேண்டும் என்பதும், தமிழில், சிறு எழுத்தில். நான்கு கம்பெனிகளில் செட்டர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியது. "எண்ணெய் குறைவு", "கதவு சரியாக மூடவில்லை", "அச்சு எல்லையைத் தாண்டியது" என்று ஏறக்குறைய அறுபது பக்கம். கூட வேலை செய்யும் பையன்கள் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்களாம்.

கடைசிப் பக்கங்களில் வேறொன்று இருந்தது. பென்ஸிலால் வரைந்த ஒரு சிறு உருளையின் படம், அளவுகள், அதன் கீழே ஜி 00, ஜி 01 என்று முப்பது வரி நிரல். அது என்னவென்று கேட்டோம்.

"எங்கள் கிணற்று மோட்டார் புஷ், ஸார். வருஷா வருஷம் தேய்ந்துவிடுகிறது. அப்பா திண்டிவனத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வருவார். ஆறு மாதம் தாங்கும். அளவெடுத்து நானே நிரல் எழுதி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் எழுதியதற்கு அப்புறம் நான் எழுதிய நிரல் இது ஒன்றுதான்."

"ஓட்டிப் பார்த்தீர்களா?"

"எங்கே ஓட்டுவது?"

வண்டி சிங்கப்பெருமாள் கோயிலில் நின்றது. நோட்டுப் புஸ்தகத்தைப் பைக்குள் வைத்து, அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி ஷிப்டுக்கு முன் அறையில் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.